அரசுத் தொடக்கப் பள்ளியில் என்ன படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள்? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருபது வருடத்துக்கும் மேலாக வகுப்பெடுக்கிறேன். ஜூன் மாதம் சேர்க்கைக்கு வருகிற அப்பா அம்மாக்களும், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற பாட்டிகளும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாசலில் நின்றபடி பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாமே என்று பிறகு வருத்தப்படுவேன். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, அவ்வளவுதான் இதன் எல்லை.

எத்தனை வயதில் சேர்க்கலாம்? எல்.கே.ஜி. படிக்கவில்லையே, பரவாயில்லையா?

ஜூலை 31ஆம் தேதிக்குள் ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம். எல்.கே.ஜி. படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் சாதாரண அங்கன்வாடியே போதும். பென்சில் பிடிக்கத் தெரியாமல் வருகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, இரண்டு மாதத்தில் பிடித்துவிடும். வாய் திறந்து பேசாத பிள்ளையைப் பார்த்தால்தான் கவலை வருகிறது. வீட்டில் அதனிடம் பேச்சுக்கொடுங்கள், கடைக்குப் போனால் கூடவே கூட்டிப்போங்கள், என்ன வாங்கினோம் என்று திரும்பி வரும் வழியில் கேளுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு அதைவிடப் பெரிய தயாரிப்பு எதுவும் இல்லை.

என்னென்ன பாடங்கள்?

ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு. மூன்றாம் வகுப்பிலிருந்து சூழ்நிலையியல் அறிவியலாகவும் சமூக அறிவியலாகவும் பிரிந்து ஐந்தாகிவிடும். இப்போதைய பாடநூல்கள் 2018-19இல் ஒன்றாம் வகுப்பிலிருந்து வரத் தொடங்கியவை. வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம் தருகிறோம். முழு வருடப் புத்தகத்தையும் சிறுபிள்ளை முதுகில் ஏற்ற வேண்டாம் என்றுதான் 2012-13இல் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள்.

‘எண்ணும் எழுத்தும்’ என்கிறீர்களே, அது தனிப் பாடமா?

தனிப் பாடம் கிடையாது, பாடம் நடத்தும் முறை. கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை வருடத்துக்கும் மேல் மூடிக் கிடந்தன. திரும்ப வந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் இரண்டாம் வகுப்பையே சரியாகப் பார்த்திராதவர்கள். அந்தப் பிள்ளைகளிடம் மூன்றாம் வகுப்புப் பாடநூலைப் பிரித்து வைத்து நடத்துவது யாருக்கும் பயன்படாது. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கியது. அதன் பிறகு பள்ளிக்குள்ளேயே இந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும் என்று 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், இதை 2025க்குள் எட்டிவிட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, 2023-24இல் நான்கு, ஐந்துக்கும் வந்துவிட்டது.

வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, என்ன தெரியும், எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. ஏறக்குறைய ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புத் திறன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த நிலைக்குத் தனிப் பயிற்சி நூல் உண்டு, ஆசிரியருக்குத் தனிக் கையேடு உண்டு.

என் மகன் மூன்றாம் வகுப்பு. அவனை அரும்பில் போட்டிருக்கிறீர்கள். மக்கு என்கிறீர்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது சில அம்மாக்களுக்குக் கண் கலங்கிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரும்பு என்பது பிள்ளை இன்றைக்கு நிற்கிற படி. ஏணியில் முதல் படியில் நிற்கிறவனை ஐந்தாம் படியில் கால் வை என்றால் விழத்தான் செய்வான். சில வருடம் முன்பு என்னிடம் ஒரு பையன் இருந்தான். க, ங, ச, ஞ என்று தொடங்கினால் ‘ன’ வரை மூச்சுவிடாமல் சொல்வான். அவன் அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. ஆனால் கரும்பலகையில் ‘ப’வை மட்டும் தனியாக எழுதிக் காட்டினால் முழிப்பான், அப்புறம் வாய்க்குள்ளேயே ‘க’விலிருந்து தொடங்கி முணுமுணுத்துக்கொண்டே வந்து ‘ப’வில் நிறுத்துவான். அவனுக்குத் தெரிந்திருந்தது ஒரு பாட்டு, எழுத்து தெரிந்திருக்கவில்லை. முந்தைய இரண்டு வருடமும் அவன் நோட்டு நிறைய அழகான கையெழுத்து இருந்ததால் யாருக்கும் இது கண்ணில் படவே இல்லை, நான் உட்பட. அரும்பு நிலையில் வைத்து எழுத்தை வடிவமாகவும் ஒலியாகவும் சொல்லித்தந்தபோது அரையாண்டுக்குள் மொட்டுக்கு வந்தான்.

ஆகவே என்ன நிலை என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். போன மாதம் எங்கே இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்று கேளுங்கள். நான்கு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறான் என்றால் நாங்கள் பதில் சொல்ல வேண்டும், அந்தக் கேள்வி நியாயமானது. இன்னொன்று, வீட்டில் அக்காவோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் வைத்து ‘அவ மலர், நீ இன்னும் அரும்பு’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன மறுநாள் பிள்ளை வகுப்பில் கையைத் தூக்கத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

எப்போது பார்த்தாலும் பாட்டு, பொம்மலாட்டம் என்றே இருக்கிறது. எப்போதுதான் படிப்பார்கள்?

அதுவும் படிப்புதான். வகுப்பறையைப் பாடல் களம், கதைக் களம், வாசிப்புக் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் என்று பிரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு சொல் முதலில் காதிலும் வாயிலும் பழக வேண்டும், அதற்குப் பிறகுதான் கண்ணில். நம் பிள்ளைகள் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. வீட்டில் ‘வந்தாங்க’, ‘போச்சு’. புத்தகத்தில் ‘வந்தார்கள்’, ‘போயிற்று’. இந்த இடைவெளியைத் தாண்டவைப்பதற்குக் கதையையும் நாடகத்தையும் போல எனக்குக் கைகொடுத்தது வேறு எதுவும் இல்லை. பொம்மையை வைத்துப் பேசும்போது கூச்சப்படுகிற பிள்ளையும் புத்தகத் தமிழில் முழு வாக்கியம் பேசிவிடும்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியிருந்த கிராமப் பள்ளிகளில் நடந்ததைப் பார்த்துவிட்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலை, அதாவது பாட அட்டைகளை எடுத்துப் பிள்ளை தானே செய்து படிக்கிற முறையை, தொடங்கினார்கள். 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், பிள்ளை எட்டி எழுதுகிற உயரத்தில் கரும்பலகை, பாயில் ஆசிரியரும் சேர்ந்து உட்காருவது எல்லாம் அப்போது வந்தவைதான். அட்டை எண்ணைப் பார்த்து அடுத்த அட்டையை எடுப்பதிலேயே நேரம் போன வகுப்புகளும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். எந்த முறையையும் சடங்காகச் செய்தால் சடங்காகத்தான் இருக்கும்.

அ, ஆ, இ, ஈ வரிசையாகச் சொல்லித்தராமல் ஏன் நடுவிலிருந்து தொடங்குகிறீர்கள்?

மேலே சொன்ன பையன்தான் ஒரு காரணம். இன்னொன்று கை. ‘அ’வும் ‘இ’யும் சுழித்துச் சுழித்து எழுத வேண்டியவை, ‘ட’வும் ‘ப’வும் நேர்கோடுகள்தான். பிஞ்சு விரலுக்கு எது எளிது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். அதோடு நாலைந்து எழுத்து தெரிந்தவுடனேயே படம், பட்டம், மடம் என்று சொற்களைப் படித்துவிடலாம். முதல் மாதத்திலேயே தானாக ஒரு சொல்லைப் படித்த பிள்ளையின் முகத்தை ஒருநாள் வந்து பாருங்கள். வரிசையும் பின்னால் சொல்லித்தருவோம், விட்டுவிட மாட்டோம்.

தமிழ் எழுத்தில் பிள்ளைகள் இடறுகிற இடங்கள் சில உண்டு. 247 என்று பயப்பட வேண்டியதில்லை, குறிகள் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் உகரக் குறி எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி வராது: கு, சு, து, மு, நான்கையும் எழுதிப் பார்த்தால் தெரியும். அதேபோல ‘கெ’யில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு பக்கமும் குறி நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய பிள்ளை கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடும். வீட்டில் படிக்கவைக்கும்போது அந்த இடத்தில் பிள்ளை தயங்கினால் அதட்டாதீர்கள், தயங்க வேண்டிய இடம்தான் அது.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். பிள்ளை சமாளிக்குமா?

சமாளிக்கும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள், திருப்பூரில் வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பங்கள், இப்படிப் பல வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். முதல் சில மாதம் பிள்ளை பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், அதை மந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுமொழியை நிறுத்த வேண்டாம். வீட்டில் நன்றாகக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை இரண்டாவது மொழியையும் வேகமாகப் பிடித்துக்கொள்கிறது, இது என் அனுபவம்.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா?

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகளும் உண்டு. என் கருத்தைக் கேட்டால் தமிழ்வழி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்கும் அறிவியலும் புரிகிற மொழியில் ஓட வேண்டும். தமிழ்வழியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பாடமாக இருக்கிறது. ஆங்கிலத்தைப் பேசவும் படிக்கவும் நன்றாகச் சொல்லித்தருகிறீர்களா என்று எங்களைப் பிடித்துக் கேளுங்கள். அதற்காக எல்லாப் பாடத்தையும் புரியாத மொழிக்கு மாற்றிக் கேட்காதீர்கள்.

வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லவில்லையே?

சொல்கிறோம், கொஞ்சம் தள்ளி. அதற்கு முன்னால் எண் என்றால் என்ன என்று பிள்ளைக்குப் பிடிபட வேண்டும். நூறு வரை தடையில்லாமல் சொல்கிற பிள்ளையிடம் பன்னிரண்டு புளியங்கொட்டையைக் கொட்டி எத்தனை என்று கேட்டால், சில நேரம் ஒரே கொட்டையை இரண்டு தடவை எண்ணிப் பதின்மூன்று என்று சொல்லும். அதனால்தான் கொட்டை, குச்சி, பத்துப்பத்தாகக் கட்டிய கட்டு, ஆணிமணிச்சட்டம் என்று கையில் தொடவைக்கிறோம்.

இடமதிப்பு புரியாத பிள்ளை ‘இருநூற்று ஐந்து’ என்றால் 2005 என்று எழுதும். காதில் விழுந்தபடியே 200 எழுதிப் பக்கத்தில் 5 போடுகிறது, அதன் கணக்கில் அது சரிதான். தமிழ் எண்பெயர்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தொண்ணூறு என்ற பெயருக்குள் ‘நூறு’ கேட்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்துக்குள் ‘ஆயிரம்’ கேட்கிறது, ஆனால் அது 900. எண்பது வரை ‘பது’ என்று ஒழுங்காக வந்துவிட்டுத் தொண்ணூறில் சட்டென்று மாறுகிறதல்லவா, அங்கே குழம்பாத பிள்ளையே அபூர்வம். ஒன்பது பத்துக்கட்டுகளை எடுத்துக் கையில் கொடுத்து, ‘இதுதான் தொண்ணூறு’ என்று காட்டினால் தெளிந்துவிடும். வீட்டிலும் செய்யலாம், ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் போதும்.

பரீட்சை உண்டா? ஃபெயில் ஆக்காவிட்டால் எப்படிப் படிப்பான்?

பாடம் நடக்கும்போதே நடப்பது வளரறி மதிப்பீடு, பருவ முடிவில் வருவது தொகுத்தறி மதிப்பீடு. முப்பருவ முறை வந்தபோது முன்னதற்கு 40, பின்னதற்கு 60 என்று பிரித்தார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. 2019இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி மாநிலங்கள் விரும்பினால் நிறுத்திவைக்கலாம் என்றது. தமிழ்நாட்டிலும் ஐந்து, எட்டுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டு வரை நிறுத்திவைப்பது வேண்டாம் என்றே சொல்கிறது.

பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கினால் அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு வருடம் கேட்கும், அவ்வளவுதான். அப்புறம் வெட்கப்பட்டு, ஆடு மேய்க்கவோ தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ வீட்டோடு நின்றுவிடும். நான் பள்ளியில் படித்த காலத்தில் என்னோடு உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் அப்படித்தான் நின்றுபோனார்கள். நிறுத்திவைக்காத முறைக்கு ஒரு கடமையும் கூடவே இருக்கிறது. தெரியாமல் மேலே போகிற பிள்ளைக்கு அந்த வருடமே கைகொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் தள்ளிவிட்டால் பெற்றோர் கோபப்படுவதில் தப்பே இல்லை.

வீட்டுப்பாடம் ஏன் அதிகம் தருவதில்லை?

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடமே தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பக்கத்தைப் பத்துத் தடவை எழுதச் சொன்னால் மூன்றாவது தடவையிலிருந்து கைதான் எழுதும், பிள்ளை வேறெங்கோ இருக்கும். அதற்குப் பதில் பத்து நிமிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிப்பு இயக்கத்தில் வந்த ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைக் கதைப் புத்தகங்களோ, நான்கு ஐந்தாம் வகுப்புக்கு வருகிற ‘ஊஞ்சல்’ இதழோ வகுப்பில் இருந்தால் வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கே படிக்கத் தெரியாது என்றால் இன்னும் நல்லது, பிள்ளை உங்களுக்குக் கதையைப் படித்துச் சொல்லட்டும், நீங்கள் ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். அந்த ‘அப்புறம்’ போதும்.

இரண்டு டீச்சர் ஐந்து வகுப்பை எப்படிப் பார்ப்பீர்கள்?

கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அதனால் சின்னப் பள்ளிகளில் ஒருவர் ஒன்று முதல் மூன்று, இன்னொருவர் நான்கும் ஐந்தும் என்று பிரித்துக்கொள்கிறோம். மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கும்போது நிலைவாரியாகக் குழு பிரிப்பது உண்மையில் உதவுகிறது. மலர்ப் பிள்ளைகள் தாங்களாகப் படித்துக்கொண்டிருக்க, நான் அரும்புப் பிள்ளைகளோடு உட்கார முடிகிறது. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போன நாளில்தான் எல்லாம் குலைந்துவிடும். செயலியில் மதிப்பெண் ஏற்றுவது, புள்ளிவிவரம் அனுப்புவது போன்ற வேலைகளும் வகுப்பு நேரத்தைத் தின்கின்றன. அந்த நேரம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம், இனியும் சொல்வோம்.

காலை உணவுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

முன்பெல்லாம் பதினொரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் தினமும் இருந்தார்கள். காட்டு வேலைக்கு விடியற்காலையில் போகிற அம்மா என்ன செய்வாள்? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எனக் கிழமைக்கு ஒன்று. முதல் பாடவேளையில் கணக்கு நடத்த முடிகிறது இப்போது. இதைவிட விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைக்குப் பேச்சு சரியாக வரவில்லை, காது மந்தம் போலிருக்கிறது. சிறப்புப் பள்ளிக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை, இங்கேயே சேருங்கள். வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவுகிற வட்டார வளமையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மருத்துவ முகாமில் பரிசோதித்து, காது கருவி மாதிரி உதவிகளுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். சேர்க்கையின்போதே எங்களிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்தால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகிறது.

பணம் ஏதாவது கட்ட வேண்டுமா?

இல்லை. புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் விலையில்லாமல் வருகின்றன. சில நேரம் தாமதமாக வரும்.

பள்ளிக்கு வந்தால் நாங்கள் என்ன கேட்கலாம்?

எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள், இது சட்டம். கூட்டத்துக்கு வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேச வேண்டியவைதான், ஆனால் படிப்பையும் பேசுங்கள். இந்த வகுப்பில் எத்தனை பேர் தடையில்லாமல் படிக்கிறார்கள், படிக்காதவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் எங்களுக்கும் பொறுப்பு கூடும்.

வீட்டில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பாடநூலை எடுக்காதீர்கள், அது மனப்பாடம் ஆகியிருக்கும். பேருந்தின் பெயர்ப்பலகை, பலசரக்குக் கடைச் சீட்டு, செய்தித்தாளின் பெரிய எழுத்துத் தலைப்பு, இப்படி இதுவரை பார்க்காத எதையாவது படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் என்ன போட்டிருக்கிறது என்று அதன் சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் ஒரு பிள்ளை இதைச் செய்தால் தைரியமாக இருக்கலாம். செய்யவில்லை என்றால் மறுநாளே பள்ளிக்கு வாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த பிறகு?

பக்கத்து நடுநிலை அல்லது உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. இங்கேதான் பலர் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள், அதற்கு முன் ஒரு விஷயத்தை யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதுதான் கணக்கு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அந்த ஏழு வருடங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆக, ஐந்து வருடம் எங்களிடம் படிக்கவைத்துவிட்டு ஆறாம் வகுப்பில் மாற்றினால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது கையை விட்டுப் போய்விடும்.

மாற்றுச் சான்றிதழை மே மாதமே வாங்கிக்கொள்ளலாம். வாங்க வரும் அன்று பிள்ளையையும் கூட்டி வாருங்கள், புதுப் பள்ளியின் பெயரை அதன் கையாலேயே எங்கள் பதிவேட்டில் எழுதவைப்பது வழக்கம்.